பேரு பூவுக்குத்தான்

அது பேருப் புஸ்தகமுங்களா? இல்லீங்க, தாராபுரத்துல ஏறுனதுலருந்து பாக்கறேன், ஒரே பக்கத்தைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, அதான் கேட்டனுங்க. மகளுக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்குதுங்களா? நல்லதுங்க, நல்லா இருக்கட்டும். பூப்பேராத்தான் வெக்கோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாளாக்கும். சரி, அதுல காந்தள்னு போட்டிருக்குதான்னு பாருங்க. போட்டிருக்க மாட்டான். நானும் ரெண்டு கடையில பொரட்டிப் பாத்தாச்சு. மல்லிகை இருக்குது, தாமரை இருக்குது, காந்தள் மட்டும் இல்ல.

எம்பட புள்ள பேரு காந்தளுங்க. நான் வெச்ச பேரு. அவளைப் பாக்கத்தான் சிங்காநல்லூர் போறேன். நீங்களும் அங்கதானுங்களா? அப்பச் சரி, பேசிக்கிட்டே போயிரலாம். சித்த இருங்க, அந்த மஞ்சப்பையைச் சீட்டுக்கு அடியில தள்ளிக்கறேன், உங்க காலுக்கு இடைஞ்சலா இருக்குது. கனமொண்ணும் இல்லீங்க. மடியில வெக்கற சாமான் இல்ல, அதான்.

மூலனூருக்கு அக்கட்ட நமக்குத் தோட்டமுங்க. என்ற பேரு நாச்சிமுத்து. முப்பது வருசத்துக்கு முன்னால எங்க வளவுல மொதமொதல்ல கண்வலிக்கிழங்கு போட்டவன் நாந்தான். அதும்பட வெதையை மருந்துக் கம்பெனிக்காரங்க வாங்கிக்கிட்டுப் போறாங்க. மூட்டுவலிக்கு மருந்து செய்யறாங்களாமா. நமக்கென்ன, வெதை வெளைஞ்சாச் செரி.

அது பூக்கறதைப் பாத்திருக்கீங்களா? பாக்கோணுமுங்க. மொதல் நாள் பச்சை. அப்பறம் மஞ்சள். நாலாம் நாளு நெருப்பாட்டச் செவந்து, இதழெல்லாம் மேல பாத்து எந்திரிச்சு நிக்கும். ஒண்ணுதான் அதுல சிக்கல். காய் புடிக்கற குச்சி இருக்குது பாருங்க, அது மத்ததோட சேராது. கழுத்தை ஒடிச்சாப்பல ஒரு பக்கமாத் திரும்பிக்கிட்டு தனியா நிக்கும். அதனால தானாக் காய் புடிக்கறது நெம்பக் கம்மி. காலங்காத்தால போயி, ஒரு பூவுப் பொடியை எடுத்து இன்னொரு பூவோட குச்சியில தடவி உடோணும். ஒவ்வொரு பூவா. ஏக்கரா முச்சூடும். பூத்தொடறதுன்னு சொல்லுவோம். ஒரு நாள் உட்டா அந்தப் பூவு போச்சு.

ஐப்பசி மாசம். நான் பூத்தொட்டுக்கிட்டு நிக்கறேன், ஊட்டுல பாவாத்தாளுக்கு வலி கண்டுருச்சுன்னு ஆளு வருது. பாவாத்தா என்ற சம்சாரமுங்க. போயிருக்கோணும். போகலீங்க. பாதி வரப்பு பாக்கி இருந்துச்சு. தொட்டு முடிச்சுட்டுப் போறதுக்குள்ள புள்ள பொறந்துருச்சு. பாவாத்தா இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா.

அந்த வாரந்தான் எங்க பள்ளிக்கூடத்துத் தமிழய்யா சைக்கிள்ல போறவரு, வேலியோரமா நின்னுட்டாரு. நின்னு பாத்துட்டு, ஏம்ப்பா, இதைப் போயி கண்வலி கண்வலிங்கறீங்களே, இதும்பட பேரு செங்காந்தளப்பா, முருகனுக்கு உகந்த பூவு, அந்தக் காலத்துப் பாட்டுல பொண்ணுங்க வெரலுக்கு இதைத்தான் ஒப்புச் சொல்லுவாங்கன்னாரு. நம்ம கவுர்மெண்டே இதைத்தான் தமிழ்நாட்டுப் பூவுன்னு வெச்சிருக்குதுன்னாரு. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சுங்க. ஊட்டுக்கு வந்து பாத்தா, தொட்டில்ல புள்ள கையை மேல தூக்கிக்கிட்டுப் படுத்திருக்கறா. வெரலெல்லாம் செவசெவன்னு மேல பாத்து மடங்கி நிக்குது. அப்பறம் வேற பேரு எதுக்குங்க?

ஊரே சிரிச்சுதுங்க. வெசத்துப் பேரையா புள்ளைக்கு வெப்பேன்னு கேட்டாங்க. பாவாத்தா அழுதா. இன்னைவரைக்கும் அந்தப் பேரைச் சொல்லி அவ கூப்புட்டதில்ல, கண்ணுன்னுதான் கூப்புடுவா. நான் உடலை. பேரு பூவுக்குத்தான், கிழங்குக்கு இல்லைன்னு ஊரைப் பாத்துச் சொன்னேன்.

கிழங்கு வெசமுங்க, அதை மறைக்கறதுக்கில்ல. ஊனறப்பக்கூட கைக்குத் துணி சுத்திக்குவோம். கிழங்கு தொட்டவங்க தலைக்குத் தண்ணி ஊத்தாம அடுப்படிக்குப் போகக்கூடாது, அது எங்க ஊட்டுச் சட்டம். புள்ளைக்கு அஞ்சு வயசு இருக்கறப்பவே உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்துட்டேன். உம்பட பேரு பூவுக்குத்தான் சாமி, கிழங்குக்கு இல்ல, அதைத் தொடாதேன்னு. ஒருக்காச் சொன்னதுதான், தொட்டதே இல்ல. பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தி, புருசனோட சண்டை போட்டுக்கிட்டு... வேண்டாமுங்க, பஸ்ஸுல வெச்சு எதுக்கு அந்தப் பேச்சு. அவளைத் தூக்கிக்கிட்டு வந்தப்ப என்ற புள்ளைக்குப் பன்னண்டு வயசு. வேலியைப் புடிச்சுக்கிட்டுப் பாத்துட்டே நின்னா. கண்ணைப் பொத்திக் கூட்டிக்கிட்டு வந்தேன்.

உங்களுக்குத் தெரியுமுங்களா இதெல்லாம்? ஓ, ஆஸ்பத்திரியிலயா வேலை? நர்சம்மாவுங்களா? அப்ப நான் சொல்ல வேண்டியதே இல்ல. நீங்க பாக்காததா.

கையிருக்குது பாருங்க, என்ற புள்ள கை, அந்தக் கை தொட்டா ஒரு பூவு பொய்க்காது. லீவு நாள்ல கூலியாளுகளோட அவளும் வருவா. அவ தொட்ட வரிசையும் மத்தவங்க தொட்ட வரிசையும் தூரத்துல நின்னு பாத்தாலே தெரியும். காயாத் தொங்கும். தாராபுரத்துல பி.காம் படிச்சா. படிச்சு முடிக்கவும் நல்ல எடம் அமைஞ்சுது. மாப்ள மோகன்ராஜ், சிங்காநல்லூர்ல சொந்தமா மோட்டார்ப் பட்டறை. ஒரே பையன். கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல. கோவம் மட்டும் கொஞ்சம் வரும். ஆம்பளைக்கு வராம யாருக்கு வரும்?

எனக்கு அவங்க மேல ஒரே ஒரு ஆத்தாமைதானுங்க, அந்தப் பேரு விசயந்தான். பத்திரிகை அடிச்சு வருது, பிரிச்சுப் பாத்தா கீர்த்தனான்னு போட்டிருக்குது. யாரு கீர்த்தனா? கேட்டா, சம்பந்தியம்மா சொல்லுது, அந்தப் பேரு ஊட்டுக்கு ஆகாதாமா, ஜோசியக்காரன் மாத்தச் சொன்னானாமா. வெசச்செடிப் பேரை வெச்சுக்கிட்டு எங்க சமையக்கட்டுல எப்படி நிப்பாள்னு கேட்டுதுங்க அந்தம்மா. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. கல்யாணத்தையே நிறுத்திப்போடறேன்னு நின்னேன். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூடி சமாதானம் பண்ணி, பத்திரிகையில ரெண்டு பேரும் போடறதுன்னு முடிவாச்சு. பேருக்காகச் சண்டை போட்ட தகப்பன் எங்க பக்கத்துல நான் ஒருத்தந்தான் இருப்பேன்.

மொத ஆடிக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம். முழங்கைக்கு மேல சுட்ட தழும்பு ஒண்ணு இருந்துச்சு. கேட்டதுக்கு, தோசைக்கல்லு பட்டுருச்சுன்னா. அந்த எடத்துல எப்படித் தோசைக்கல்லு படும்னு பாவாத்தா மூக்கைச் சிந்துனா. பொம்பளைகளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். மாசம் முடிஞ்சு போகமாட்டேன்னு அடம் புடிச்சா. புதுசுல எல்லாப் புள்ளையும் அப்படித்தான்னு சீர் செஞ்சு அவங்க ஊட்டுக்கே தாட்டியுட்டேன்.

அப்பறம் ஒரு பொங்கலுக்கு முந்தி, மத்தியான வெயில்ல, இடுப்புல கொழந்தையோட தனியா வந்து எறங்குனா. ஒதடு வீங்கியிருந்துச்சு. அன்னைக்குச் சாயந்தரமே நானே கூட்டிக்கிட்டுப் போயி உட்டேன். சும்மா உடலீங்க. அவங்க ஊட்டுக் கூடத்துல நின்னு சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன். மாப்ள உள்ள இருந்துக்கிட்டு, கீர்த்தனா, தண்ணி கொண்டான்னாரு. எனக்கு வந்துதே கோவம். எம்புள்ள பேரு காந்தளுங்க மாப்ள, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடுங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டேன். ஒதட்டைப் பத்தியா? அதையெப்படிங்க புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல போயி நாம கேக்கறது?

மூணாவது வாட்டி, ரெண்டு வருசம் இருக்கும், பூத்தொடற சமயம். விடியறதுக்கு வந்து, ஊட்டுக்குள்ளகூடப் போகாம நேராத் தோட்டத்துக்கு வந்துட்டா. என்ற கூடவே வரிசையில நின்னு தொட ஆரம்பிச்சுட்டா. ஒரு வரப்பு முடிஞ்சுது. அப்பறம் சொன்னா, "அப்பா, நான் இங்கியே இருந்துக்கறேனுங்கப்பா. ஒரு மூலையில கெடந்துக்கிட்டு பூத்தொட்டுக்கிட்டு இருக்கறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் என்னங்க சொல்றது? நீங்களே சொல்லுங்க. கட்டிக் குடுத்த புள்ள வாழாவெட்டியா வந்து உக்காந்தா, நாளைக்கு நான் ஊருக்குள்ள நாலு பேரு நடுவுல நின்னு நாயம் பேச முடியுமா? அதைத்தான் சொன்னேன். கோவமாச் சொல்லலீங்க, தன்மையாத்தான் சொன்னேன். அவ கழுத்தை அந்தப் பக்கமாத் திருப்பிக்கிட்டா. தொட்டுக்கிட்டிருந்த வரிசையை முடிச்சுட்டு, கையைக் கழுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்டா. அந்த வரிசைதான் அந்த வருசம் நல்லாக் காய்ச்சுது.

அதுக்கப்பறம் வரவே இல்லீங்க. புத்தி வந்துருச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். நெசமாலுமே வந்துருச்சு. இந்தத் தையிலருந்து பாருங்க, ஆளே மாறிட்டா. அழுகை இல்ல, பொலம்பல் இல்ல. போன் பண்ணுனாச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறா. சாப்புட்டீங்களாப்பா, முட்டுக்கால் வலி எப்படி இருக்குதுங்கறா. சின்ன வயசுல நான் அவளை அடிச்ச கதையெல்லாம் எடுத்துச் சொல்லி, பரவால்லீங்கப்பா, நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கலைங்கறா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க.

ஒரே ஒரு கிறுக்கு வேலைதான் பண்ணுனா. போன மாசம் கொழந்தையைக் கொண்டாந்து எங்ககிட்ட உட்டுட்டா. பேத்தி பேரு தன்ஷிகா. அர்த்தம் கேட்டா ஒருத்தருக்கும் தெரியல, அது கெடக்குது. ஏழு வயசு. பள்ளிக்கூடத்துல டி.சி.யே வாங்கிக்கிட்டு வந்துட்டா. வருசக் கடைசியில யாருங்க பள்ளிக்கூடம் மாத்துவாங்க? இங்க காத்து நல்லா இருக்குதுங்கறா. துணிமணி, ஊசி போட்ட அட்டை, பொறந்த சர்டிபிகேட்டு, எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் குடுத்துட்டா. கழுத்துல கெடந்த சங்கிலியைக் கழட்டி, பாப்பாவுக்கு இருக்கட்டும்னு பாவாத்தா கையில வெச்சா. மாப்ளைகிட்ட என்ன சொன்னேன்னு கேட்டேன். அதெல்லாம் சொல்லிக்கலாமுங்கப்பான்னா. போறப்ப கொழந்தையைத் தூக்கவே இல்லீங்க. தூரமா நின்னு கையை ஆட்டிட்டுப் போயிட்டா. கொழந்தை அழுதா மனசு கேக்காதுன்னு இருக்கும்.

என்னங்க, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? பஸ்ஸு ஒத்துக்கலீங்களா? சன்னலைத் தொறந்துக்கங்க.

இப்ப நான் போற விசயத்தைச் சொல்றேன் கேளுங்க. மூணு நாளைக்கு முந்தி போன் பண்ணுனா. "அப்பா, என்ற பேருப் பூவோட கிழங்கு கொஞ்சம் கொண்டாந்து தாங்கப்பா, தொட்டியில வெக்கோணும்"னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. கீர்த்தனா கீர்த்தனான்னு எட்டு வருசமாக் கூப்புட்டாங்களே, எம்புள்ளைக்கு அவ பேரு மறக்கல பாத்தீங்களா? அந்த ஊட்டு வாசல்லயே செங்காந்தள் பூத்து நிக்கப் போகுது. சம்பந்தியம்மா தினமும் அதைப் பாத்துக்கிட்டேதான் போய் வரோணும். அதை நெனைச்சு எனக்கு மூணு நாளா ஒரே குஷி. அம்மாகிட்டச் சொல்லாதீங்க, அவரு கிட்டயும் சொல்லாதீங்கன்னா. பூத்ததுக்கு அப்பறம் பாத்துக்கட்டும்னு இருக்கும். அதான் பாவாத்தாகிட்ட, உரக்கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

அந்தப் பையில இருக்கறது அதுதானுங்க. நேத்துத்தான் தோண்டுனேன். கலப்பையாட்ட ரெண்டு கவையா நல்லாத் தெரண்ட கிழங்கு.

இப்ப ஊனற பருவமான்னு கேக்கறீங்களா? இல்லீங்க, ஆடியிலதான் ஊனுவோம். பங்குனியில அது தூங்கிக்கிட்டு இருக்கும், மொளைக்காது. அவளுக்கும் தெரியும், விவசாயி மகளுக்குத் தெரியாததா. டவுன்ல இருந்து இருந்து மறந்திருப்பா. மண்ணோட கொண்டாராதீங்க, நல்லாக் கழுவிட்டுக் கொண்டாங்கன்னுகூடச் சொன்னா பாருங்க. ஊனற கிழங்கை எவனாச்சும் கழுவுவானா? ஈரம் பட்டா அழுகிப் போயிரும். எதுக்குக் கண்ணுன்னு கேட்டா, மண்ணு சிந்துனா அத்தை திட்டுமுங்கப்பாங்கறா. சரி, ஆசைப்பட்டுக் கேக்குதேன்னு கழுவி, வெள்ளத் துணியில சுத்திக் கொண்டுக்கிட்டுப் போறேன்.

உங்களுக்கா? கிழங்கை உங்ககிட்டக் குடுக்கறதா? உங்களுக்கு எதுக்குங்க அது? இல்லீங்க, தப்பா நெனைக்காதீங்க, எம்புள்ள கேட்டு நான் கொண்டுபோறது. வேணும்னா ஆடியில வாங்க, ஒரு கூடையே தர்றேன். திரும்பவும் எதுக்குங்க அதையே கேக்கறீங்க? குடுக்கறதுக்கில்லைன்னா இல்லதானுங்க.

நம்பரா? ஓ, உங்க மககிட்டப் பேரைச் சொல்றதுக்கு முந்தி, அந்தப் பேருக்காரியோட ஒரு வார்த்தை பேசோணுமாக்கும். அது நாயம். எழுதிக்கங்க, நானே சொல்றேன். இப்பக்கூட எடுப்பா, மாப்ள பட்டறைக்குப் போயிருப்பாரு, தனியாத்தான் இருப்பா. பேரு அழகா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சந்தோசப்படுவா. அவகிட்ட அதை யாரும் சொல்றதில்ல.

எறங்கறீங்களா? இது சூலூருங்க. சிங்காநல்லூர்னு சொன்னீங்களே. சரி சரி, பாத்து எறங்குங்க. பேத்திக்கு அந்தப் பேரையே வெச்சுருங்க.

தம்பி, கண்டக்டர் தம்பி, இங்க சித்த வாங்க. இந்தச் சீட்டுக்கடியில ஒரு மஞ்சப்பை வெச்சிருந்தேன், காணம். அந்த அம்மாவா? அவங்க கையில பாத்தீங்களா? அட, நர்சுன்னு சொன்னாங்களேப்பா. படிச்ச பொம்பள இப்படியா பண்ணுவாங்க. வண்டியை நிறுத்த வேண்டாம், பை போனாப் போச்சு, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா அது வெசக்கிழங்கு தம்பி. அந்தம்மா ஊட்டுல புள்ளை பெத்தவ இருக்கறாளாமா. தெரியாம யாராச்சும் எடுத்துட்டாங்கன்னா? மண்ணோட கெடந்தா ஒருத்தரும் சீந்த மாட்டாங்க. இது கழுவி, சுத்தமாத் தொடைச்சு, துணியில சுத்தி வெச்சிருக்குது. கழுவி வெச்ச கிழங்கைப் பாத்தா யாரும் ஊனறதுக்குன்னு நெனைக்க மாட்டாங்க. திங்கறதுக்குன்னுதான் நெனைப்பாங்க.

திங்கறதுக்கு.

தம்பி, இது பங்குனிதானுங்களே.

நான்தானப்பா கழுவுனேன். தொட்டித் தண்ணியில போட்டு, ஒவ்வொண்ணா, கவைக்குள்ள இருந்த மண்ணைக்கூட ஈர்க்குச்சி வெச்சு எடுத்தேன். எம்புள்ளைக்கு. என்ற கையாலயே.

இந்தப் போனைப் புடிங்க. காந்தள்னு போட்டிருக்கும் பாருங்க. அந்தப் பேருதான். போடுங்க. காதுல வெச்சுப் பாருங்க. அடிக்குதா?

என்ன சொல்றா, போனுக்குள்ள பேசற அந்தப் பொம்பள? வேற ஒருத்தரோட பேசிக்கிட்டு இருக்கறாளாமாவா?

அந்த நர்சம்மா எறங்கறப்பவே போனைக் காதுல வெச்சுக்கிட்டுத்தான எறங்குனாங்க. நீங்களும் பாத்தீங்கல்ல. அவங்கதான். அவங்களாத்தான் இருக்கோணும். மறுக்காப் போடாதீங்க தம்பி, நடுவுல போயித் தொந்தரவு பண்ண வேண்டாம். டிரைவரைக் கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்க. பொழுதோட மூலனூருக்குத் திரும்பி வர்ற வண்டி எத்தனை மணிக்கு? ரெண்டு பேரா வருவோம். ஊரு என்ன வேணும்னாலும் பேசிக்கிட்டுப் போகட்டும்.

நான் போயி எறங்கறவரைக்கும் அவ பேசிக்கிட்டே இருக்கட்டும் சாமி. பேசிக்கிட்டே இருக்கட்டும்.